திறந்த கதவும் திறவாத கண்ணும்

(நாட்டுப் பங்குச் சந்தை பற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



சந்தை என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கிழமைக்கொருநாள் கூடும் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கச் செல்லும் மூதாட்டியைக் காண்க. அவர் காயைக் கையிலெடுத்து, சொத்தையா நல்லதா என்று பார்ப்பார்; அடுத்த கடையில் விலை கேட்பார்; தராசுத் தட்டு நேர்நிற்கின்றதா என்று நோக்குவார்; அதன் பின்னரே முடிச்சவிழ்த்துக் காசு கொடுப்பார். பொருள் யாது, விலை நேரியதா, தராசு மெய்யா என்னும் இம்மூன்று வினாக்களை எந்தப் பள்ளியும் அவருக்குக் கற்பிக்கவில்லை, வாழ்க்கை கற்பித்தது. ஆயின், அம்மூதாட்டியின் பேரனோ கைப்பேசியைத் திறந்து, மும்பையிலுள்ள ஒரு சந்தையில், கண்ணாற் காணாத ஒன்றை, பொருள் விளங்காத பெயரால், நொடியில் வாங்கி நொடியில் விற்கின்றான். பாட்டி கேட்ட மூன்று வினாக்களுள் ஒன்றையேனும் அவன் கேட்பதில்லை. இப்பொழிவு அம்மூன்று வினாக்களைப் பற்றியது.

பங்கு என்பது யாது?

முதற்கண் பொருளை அறிதல் வேண்டும். ஒரு பெருந்தொழில் தொடங்க நூறு கோடி உருபா வேண்டும் என்று கொள்க. அத்தனை முதலும் ஒருவரிடம் இராது. எனவே, அதனை ஒரு கோடிக் கூறாக்கி, கூறு ஒன்றுக்கு நூறு உருபா என விற்கின்றனர். அக்கூறே பங்கு. நூறு பங்கு வாங்கியவர், அத்தொழிலின் இலக்கத்தில் ஒரு கூற்றுக்கு உடைமையாளர் ஆகின்றார். தொழில் செழித்தால் ஈவு பெறுவார். நொடித்தால் இட்ட முதலை இழப்பார். அதற்கு மேல் நிறுவனத்தின் கடன் அவர் தலையில் விழாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனம் பங்குப் பணத்தைத் திருப்பித் தாராது. அப்பணம் பொறியாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. மகளின் திருமணத்திற்குப் பணம் தேவைப்படும் பங்குடையார் என்செய்வார்? தம் பங்கை வேறொருவர்க்கு விற்றல் வேண்டும். விற்பாரும் வாங்குவாரும் ஒருவரையொருவர் தேடியலையாது கூடுமிடமே பங்குச் சந்தை. சந்தை இல்லையேல் பங்கு வாங்குவார் இலர். பங்கு வாங்குவார் இலரேல் பெருந்தொழிலுக்கு முதலில்லை. ஆகலின், பங்குச் சந்தையே தீது என்று ஒதுக்குதலும் அறியாமை. அதுவே செல்வக் கேணி என்று குதித்தலும் அறியாமை.

ஆலமரத்தடியில் தோன்றியது

இந்திய ஒன்றியத்தில் பங்கு வாணிகம் மரத்தடியிலேயே தொடங்கியது. 1850களில் மும்பை நகர மண்டபத்தின் எதிரே ஆலமர நிழலில் தரகர் சிலர் கூடிப் பங்குகளைக் கைமாற்றினர். 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்லாது தடைப்பட்டது. உடனே மும்பைப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்தது. ஊருக்குள் பாய்ந்த பணம் பங்குகளில் குவிந்தது. வைப்பகங்களும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் காளான்போல் முளைத்தன. பிரேம்சந்து இராய்சந்து என்னும் பெருந்தரகர் அவ்வெறியின் நடுவே வீற்றிருந்தார். 1865 இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்கு விலைகள் அதனினும் விரைந்து சரிந்தன. இராய்சந்தும் தப்பவில்லை. இன்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, விலை ஏறுகின்றது என்னும் ஒன்றற்காகவே வாங்கியவர் கெட்டனர் என்பதை எண்ணுக.

வீழ்ச்சிக்குப் பின்னும் தரகர்கள் கலையவில்லை. 1874 இல் இற்றைத் தலால் தெருவில் இடம் பிடித்தனர். தலால் என்றால் தரகர் என்பதே பொருள். 1875 இல் கழகமாகத் திரண்டனர். அதுவே மும்பைப் பங்குச் சந்தை. பின்னர்ப் பிற நகரங்களிலும் சந்தைகள் தோன்றின. சென்னையில் 1920 இல் ஒன்று தொடங்கி, நின்றுபோய், 1937 இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1956 இல் நடுவணரசு இயற்றிய சட்டம் இச்சந்தைகளை ஒப்புதல் பெற்றவையாக்கியது. 1990களின் தொடக்கத்தில் ஒன்றியம் முழுவதும் இருபதுக்கு மேற்பட்ட சந்தைகள் இருந்தன.

கூடத்துக்குள் மறைந்த விலை

அச்சந்தைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை இருந்தது. அவற்றின் உடைமையாளரும் தரகரே, ஆள்வோரும் தரகரே, அங்கு வாணிகம் செய்வோரும் தரகரே. ஆடுவோனே நடுவனாகவும் நின்றால் ஆட்டம் எவ்வாறு நேர்மையாக நடக்கும்?

கூடத்தில் தரகர்கள் நின்று கைகாட்டியும் கூவியும் விலை பேசுவர். வெளியூரில் இருப்பவர் தம் பங்கை விற்குமாறு தரகர்க்குச் சொல்வார். அன்றைய விலை காலையில் 120 ஆகவும் மாலையில் 110 ஆகவும் இருந்திருக்கலாம். தம் பங்கு எந்நொடியில் எவ்விலைக்கு விற்றது என்பதை அவர் அறிய வழியில்லை. தரகர் எழுதித் தந்ததே விலை. மூதாட்டியின் இரண்டாம் வினா, அஃதாவது விலை நேரியதா என்பது, அங்கு விடையின்றிக் கிடந்தது.

பணமும் பங்கும் கைமாற நாட்கள் பல ஆயின. பங்குகள் அன்று தாள்களே. அவை அஞ்சலில் தொலைந்தன, களவு போயின, போலிகள் புகுந்தன. விற்றவர் கையெழுத்து, நிறுவனப் பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திங்கள் பல கழித்துத் தாள் திரும்பி வரும். காசைக் கொடுத்தவர் பங்குமின்றிப் பணமுமின்றி நின்றார். இதனிடையே, கொடுக்கல் வாங்கலை முடிக்காது அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கும் பழக்கமும் வேரூன்றியிருந்தது.

இந்நிலையில் 1992 ஏப்பிரலில் அர்சத் மேத்தா ஊழல் வெடித்தது. வைப்பகங்கள் தம்முள் அரசுக் கடன்முறிகளைக் கைமாற்றும் வாணிகத்தில் அவர் தரகராக நின்றார். கடன்முறி கையில் இல்லாமலே, அஃது இருப்பதாகச் சொல்லும் வைப்பகச் சீட்டுகளின் மேல் பணம் பெயர்ந்தது. அப்பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்து விலைகளை வானளாவ உயர்த்தியது. ஊழல் வெளிப்பட்டபோது, 4,400ஐக் கடந்திருந்த மும்பைச் சந்தையின் சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாயிற்று. உயர்ந்த விலையில் நுழைந்த எளியோரின் சேமிப்பு கரைந்தது. 1988 இல் அமைக்கப்பட்டும் அதிகாரமின்றி இருந்த செபி என்னும் ஒழுங்காற்று வாரியத்திற்கு, அதே 1992 இல்தான் சட்டத்தின் வலிமை வழங்கப்பட்டது.

கூடமில்லாச் சந்தை

புதியதொரு நாடளாவிய சந்தை வேண்டும் என்று பேர்வானி தலைமையிலான குழு 1991 இலேயே பரிந்துரைத்திருந்தது. அதன்வழி 1992 நவம்பரில் நாட்டுப் பங்குச் சந்தை ஒரு நிறுவனமாகப் பதிவுபெற்றது. தொழில் வளர்ச்சி வைப்பகமும் அரசுசார் காப்பீட்டு நிறுவனங்களும் பிற நிதி நிறுவனங்களும் முதலிட்டன. தொழில் வளர்ச்சி வைப்பகத்திலிருந்து வந்த பொருளியல் அறிஞர் பாட்டீல் அதனைத் தலைமையேற்று வளர்த்தார். 1993 ஏப்பிரலில் அது சந்தையாக ஒப்புதல் பெற்றது. 1994 சூன் 30 அன்று கடன்முறி வாணிகமும், நவம்பர் 3 அன்று பங்கு வாணிகமும் தொடங்கின.

இச்சந்தையின் புதுமை இரண்டு. ஒன்று, உடைமை வேறு, ஆட்சி வேறு, வாணிகம் வேறு எனப் பிரித்தது. தரகர் அங்கு வாணிகம் செய்யலாம், சந்தையை ஆளவியலாது. மற்றொன்று, அதற்குக் கூடமே இல்லை. தரகர் தம் அலுவலகக் கூரைமேல் கிண்ணம் போன்ற அலைவாங்கியை நிறுவுவர். அது செயற்கைக்கோள் வழியாக மும்பையிலுள்ள கணிப்பொறியோடு இணையும். அன்றைய தொலைபேசிக் கம்பிகளை நம்பியிருந்தால் இது நடந்திராது. மும்பைத் தரகர்க்குத் தெரியும் விலையே, அதே நொடியில் கோவைத் தரகர்க்கும் மதுரைத் தரகர்க்கும் தெரிந்தது. ஓராண்டு நிறைவதற்குள், நூற்றிருபது ஆண்டு மூத்த மும்பைச் சந்தையை வாணிக அளவில் அது விஞ்சியது. மும்பைச் சந்தையும் 1995 இல் கூச்சலைக் கைவிட்டுக் கணிப்பொறிக்கு மாறியது.

பொறி எவ்வாறு பொருத்துகின்றது?

இதன் இயக்கம் எளியதே. விற்பார் ஒருபுறம், வாங்குவார் ஒருபுறமாகக் கணிப்பொறி ஒரு பதிவேட்டை வைத்திருக்கும். ஒரு நிறுவனப் பங்கை 252 உருபாவுக்கு விற்க ஒருவரும், 251 உருபாவுக்கு விற்க இருவரும் காத்திருக்கின்றனர் என்று கொள்க. 251 வரை தரலாம் என்று வாங்குவார் ஒருவர் வருகின்றார். பொறி முதலில் விலையைப் பார்க்கும். குறைந்த விலை கேட்ட இருவரையும் முன்னிறுத்தும். அவ்விருவருள் எவர் முந்திப் பதிந்தார் என்று அடுத்துப் பார்க்கும். அவர் பங்கையே முதலில் விற்கும். விலை முதல், காலம் அடுத்தது. இவ்விரண்டன்றிப் பொறி வேறெதனையும் பாராது. விற்பவர் செல்வரா ஏழையா, எவ்வூரார், எக்குலத்தார் என்பது அதற்குத் தெரியாது. வாங்குவார்க்கும் விற்றவர் யார் என்பது தெரியாது. மாந்தர் நடுவே அரிதாகிய ஒப்புரவு பொறியின் நடுவே அமைந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

முகமறியாதவரை நம்பி எவ்வாறு பணம் கொடுப்பது? இதற்காக 1995 இல் தீர்வகம் ஒன்று நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு அது பணியேற்றது. பேரம் முடிந்தவுடன் தீர்வகம் நடுவே புகுந்து, விற்றவர்க்குத் தானே வாங்குவாராகவும், வாங்கியவர்க்குத் தானே விற்பாராகவும் நிற்கும். ஒருவர் சொல் தவறினும் மற்றவர் இழப்பதில்லை. இப்பொறுப்பைத் தாங்குவதற்காகத் தரகரிடம் முன்கூட்டியே பிணைத்தொகை பெற்று வைக்கின்றது.

தாளின் தொல்லையும் தீர்ந்தது. 1996 இல் இயற்றிய சட்டத்தின்படி அவ்வாண்டு நவம்பரில் பங்குக் காப்பகம் தோன்றியது. பங்குகள் தாளை விட்டு மின்னணுப் பதிவாயின; களவும் போலியும் கையெழுத்துத் தகராறும் அகன்றன. பேரத்தைத் தள்ளிவைக்கும் பழைய முறை, மற்றுமோர் ஊழலுக்குப் பின் 2001 இல் நிறுத்தப்பட்டது. கணக்கு முடிக்கும் காலம் 2002 இல் மூன்று நாளாகவும், 2003 இல் இரண்டு நாளாகவும், 2023 சனவரியில் ஒரே நாளாகவும் சுருங்கியது.

பெருவீழ்ச்சிக்குத் தடையும் உண்டு. சுட்டெண் பத்து விழுக்காடு சரிந்தால் சந்தை தானே சிறிதுபொழுது நிற்கும். பெருந்தொற்று பரவிய 2020 மார்ச்சு 13, 23 ஆகிய இருநாளும் அவ்வாறே நின்றது. அச்சம் தணிந்து மாந்தர் எண்ணிப் பார்ப்பதற்கான இடைவேளை அது.

தராசும் ஐயத்திற்கு உரியதே

இவ்வாறு இரண்டாம் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் புதிய சந்தை பெருமளவு விடை தந்தது. எனினும், பொறி என்றால் பிழையாது என்று கைகட்டியிருத்தல் கூடாது. காலத்தால் முந்தியவர்க்கே முதலிடம் என்னும் நெறியில் ஒரு நுட்பம் ஒளிந்துள்ளது. 2010 முதல் பெருந்தரகர்கள் தம் கணிப்பொறிகளைச் சந்தையின் கட்டடத்திற்குள்ளேயே வாடகைக்கு வைக்க இசைவு பெற்றனர். விலைச் செய்தி வரிசையாக ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்பட்டமையால், முதலில் இணைந்தவர் மற்றவரினும் நொடியின் நுண்கூறு முந்திப் பெற்றனர் என்னும் முறையீடு 2015 இல் எழுந்தது. 2019 ஏப்பிரலில் செபி, சந்தையே 600 கோடிக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கட்ட ஆணையிட்டது. 2023 சனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாணையை விலக்கி, உரிய விழிப்பு இன்மைக்காக 100 கோடி கட்டப் பணித்தது. தரகரோடு கூட்டுச் சேர்ந்ததற்குச் சான்றில்லை என்று 2024 செப்டம்பரில் செபி அக்குற்றச்சாட்டைத் தள்ளியது.

தீர்ப்பின் நுட்பம் எவ்வாறாயினும் இங்கு அறிய வேண்டியது ஒன்றே. கோணாத தராசாயினும், நாள்தோறும் அதனை நோக்கும் கண்கள் வேண்டும். மூதாட்டி பழகிய கடைக்காரரிடத்தும் தராசுத் தட்டைப் பார்ப்பது பகையால் அன்று, விழிப்பால்.

மூடப்பட்ட வட்டாரச் சந்தைகள்

இப்புதுமைக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. எவ்வூரிலிருந்தும் மும்பையோடு இணையலாம் என்றானபின், அந்தந்த நகரத்துச் சந்தைக்குச் செல்வார் இலராயினர். ஆண்டுக்கு 1,000 கோடி உருபா வாணிகம் இல்லாத சந்தைகள் விலகலாம் என்று 2012 இல் செபி நெறி வகுத்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவை மூடப்பட்டன. 1937 முதல் தொடர்ந்து நின்ற சென்னைச் சந்தை 2015 மே திங்களில் விடைபெற்றது. வட்டாரச் சந்தைகளில் மட்டுமே பதிவுபெற்றிருந்த சிறு நிறுவனங்களின் பங்குடையார், விற்க இடமின்றி அறிவிப்புப் பலகைக்குத் தள்ளப்பட்டனர். உள்ளூர்த் தொழிலை உள்ளூர் முதலீட்டாளர் நேரில் அறிந்து முதலிடும் வாய்ப்பு சுருங்கியது. விலையறிவு எங்கும் பரவியது; பொருளறிவு ஓரிடத்தில் குவிந்தது.

முன்பேரம் என்னும் சுழல்

இனி, பேரனிடம் மீள்க. அவன் வாங்குவது பெரும்பாலும் பங்கன்று. நாட்டுப் பங்குச் சந்தை 1996 இல் ஐம்பது பெருநிறுவனப் பங்குகளைக் கொண்டு நிப்டி என்னும் சுட்டெண்ணை வகுத்தது. 2000 சூனில் அச்சுட்டெண்ணின் மேல் முன்பேரமும், 2001 இல் உரிமைப் பேரமும் தொடங்கின. வரும் நாளொன்றில் இன்ன விலைக்கு வாங்கும் உரிமை, விற்கும் உரிமை என்பனவே உரிமைப் பேரம். பங்கு வைத்திருப்போர் விலை வீழ்ச்சிக்கு அஞ்சி, காப்பீடுபோல் விற்கும் உரிமையை வாங்கி வைத்தல் அதன் நன்முறைப் பயன். ஆனால், பங்கே இல்லாதவர் அதனை வாங்கினால் அது பந்தயமாகின்றது.

பங்குக்கும் பந்தயத்திற்கும் உள்ள வேற்றுமையைத் தெளிக. தொழில் வளர்ந்தால் பங்குடையார் அனைவரும் ஒருங்கே உயரலாம். உரிமைப் பேரத்தில் அவ்வாறில்லை. ஒருவர் ஈட்டியது மற்றொருவர் இழந்ததே. அதன் மேல் தரகும் வரியும் கட்டணமும் கழிகின்றன. எனவே, ஆடுவார் அனைவரின் கணக்கையும் கூட்டினால் விடை எப்போதும் இழப்பே.

இது வெற்றுரையன்று. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் காண்க. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் முன்பேரத்திலும் உரிமைப் பேரத்திலும் இறங்கிய தனியாள்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் இழந்தனர். அவர்தம் மொத்த இழப்பு ஓர் இலக்கத்து எண்பதாயிரம் கோடி உருபாவைத் தாண்டியது. ஆளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலக்கம். கட்டணமாக மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி சென்றது. 2023-24 இல் ஆடியோருள் 43 விழுக்காட்டினர் முப்பது அகவைக்கு உட்பட்டோர். முக்கால் பங்கிற்கு மேற்பட்டோர் ஆண்டு வருவாய் ஐந்து இலக்கத்திற்குக் குறைந்தோர். ஈட்டியவர் யார்? தம் சொந்தக் கணக்கில் ஆடிய பெருந்தரகு நிறுவனங்களும் அயல்நாட்டு முதலீட்டாளரும். அவர்தம் ஈட்டத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல், கணிப்பொறி தானே நெறிவகுத்து ஆடிய ஆட்டத்தால் வந்தது. பேரன் கட்டைவிரலால் தொட்டு ஆடுகின்றான். எதிரே நிற்பது பொறி.

2024 நவம்பரில் செபி, பேரத்தின் சிற்றளவை உயர்த்தியும் கிழமைப் பேரங்களைக் குறைத்தும் கட்டுப்பாடு விதித்தது. வேலி நல்லது. ஆயினும் வேலியை நம்பிக் கண்ணை மூடுவார்க்கு எவ்வேலியும் காவலாகாது.

மூன்று வினாக்கள்

பெருமக்களே! ஆலமரத்தடியில் தொடங்கிய சந்தையின் கதவு இன்று எல்லார்க்கும் திறந்துள்ளது. விலை யாவர்க்கும் ஒன்றே, பணம் ஒரு நாளில் வந்து சேரும், பங்கு தொலையாது. இவை சிறு வெற்றிகள் அல்ல. தரகரின் கமுக்கத்தில் கிடந்ததை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தோர் போற்றுதற்குரியர்.

ஆயின், சந்தை விடையிறுக்கவியலாத வினா ஒன்று எஞ்சுகின்றது. அதுவே மூதாட்டியின் முதல் வினா: பொருள் யாது? வாங்குவது ஒரு தொழிலின் பங்கா, அன்றி ஒரு பந்தயச் சீட்டா? அந்நிறுவனம் எதனை ஆக்குகின்றது? எவ்வளவு கடன் பட்டுள்ளது? யார் நடத்துகின்றனர்? இவ்வினாக்களைப் பொறி கேளாது. தரகர் கேட்கத் தூண்டார். வாங்குவாரே கேட்டல் வேண்டும். கேட்பதற்குச் சொல் வேண்டும். அயற்பெயரால் அழைக்கும்போது மருண்டு நிற்கும் பொருள், வாங்கும் உரிமை, விற்கும் உரிமை, பிணைத்தொகை, தீர்வகம் என்று தாய்மொழியில் சொல்லும்போது தன் முகத்தைக் காட்டிவிடுகின்றது. சொல் விளங்கினால் இடர் விளங்கும். இடர் விளங்கினால் கை தயங்கும். அத்தயக்கமே ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும்.

ஆகலின், ஊர்தோறும் உள்ள படிப்பகங்களில் கிழமைக்கொருநாள் இளைஞர் கூடி, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல் வேண்டும். கடன் வாங்கிப் பங்கு வாங்குதல் கூடாது. பங்கே இன்றிப் பேரம் ஆடுதல் கூடவே கூடாது. பேரன் பாட்டியிடம் சென்று, சந்தையில் எவ்வாறு வாங்குவது என்று ஒருநாள் கேட்பானாக. கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கை, அவனுக்கு வேண்டிய முதற்பாடத்தைக் கற்பிக்கும்.

கதவு திறந்துள்ளது. கண்ணும் திறக்குமாக!